இரண்டேகால் மணி நேரம் என்றொரு பொய்

ஜூன் 8, வியாழன். கோபன்ஹேகன்.

என் முழங்கால் மருத்துவர் வைத்த தேர்வில் வென்றுவிட்டது. வட அட்லாண்டிக்கின் மிகப் புகழ்பெற்ற முழங்கால் அது. ஆடு விரட்டியது, மலை ஏறியது, ஒருமுறை தனியாளாக நின்று ஒரு புயலையே முட்டித் திருப்பி அனுப்பியது. மருத்துவர் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா ஆறிடுச்சு, ஊருக்குப் போகலாம்" என்றார். போகலாமாம். ஃபாரோ தீவுகளுக்குப் "போகலாம்" என்று சொல்லும் ஆள் அங்கே வாழ்ந்ததில்லை என்று அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடும். நாங்கள் "பார்ப்போம்" என்போம்.

இந்த ஊர் எனக்கு ஆகாது. தட்டில் ஊற்றிய கஞ்சி மாதிரி எங்கு பார்த்தாலும் தட்டை. இருபத்தேழு டிகிரி வெயில் வேறு. என்னைப் போன்ற மேன்மக்கள் பதினாலு டிகிரிக்கு மேல் உருகத் தொடங்கிவிடுவோம். தெருவில் இறங்கினால் சைக்கிள்கள், வெட்டுக்கிளிப் படை போல. இன்று மட்டும் ஏழாயிரம் பேர் என்னைப் பார்த்து மணி அடித்தார்கள்.

மாலையில் ரன்வா பேசினாள். தங்கை மார்யுனின் ஒரே மகள். அப்பன் நார்வேக்குப் போனவன், போனவன்தான். ஆகவே வருகிற பதினேழாம் தேதி, சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு, டோர்ஷாவ்ன் தேவாலயத்தில் அவளைக் கைபிடித்து அழைத்துப்போய் மாப்பிள்ளை பக்கத்தில் நிறுத்தவேண்டிய தாய்மாமன் நான். மாப்பிள்ளை வில்லாட்ஸ் இந்தத் தட்டை ஊர்க்காரன். ஏற்கெனவே அங்கே போய்விட்டான்.

"மாமா, அவரோட அப்பா அம்மா நம்ம ஊருக்கு வந்ததே இல்ல. செவ்வாய்க்கிழமை ஃப்ளைட்ல நீங்களே கூட்டிட்டு வந்துடுங்க."

"ராஜ குடும்பத்தை அழைச்சிட்டு வர்ற மாதிரி வரேன் பாரு."

"ராஜா மாதிரியெல்லாம் வேண்டாம் மாமா. நேரத்துக்கு வந்தா போதும்."

ஜூன் 10, சனி.

சம்பந்தி வீட்டில் விருந்து. விருந்து என்று அவர்கள்தான் சொன்னார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா பிரீபென், ரயில்வேயில் காலமெல்லாம் கால அட்டவணை போட்டு ஓய்வு பெற்றவர். ஒல்லி, நெட்டை, சட்டையின் மேல் பொத்தானைக்கூடப் பூட்டிவைத்திருந்தார். டென்மார்க்காரர்கள் எல்லோரும் வாயில் சூடான உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள். இவர் இரண்டு வைத்திருக்கிறார். நான் உட்காருவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"தூரம் ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் சம்பந்தி. பறக்கிற நேரம் ரெண்டேகால் மணி. உங்க கடிகாரம் ஒரு மணி பின்னாடி ஓடுது. அதனால பன்னெண்டுக்குக் கிளம்பினா ஒண்ணேகாலுக்கு இறங்குறோம்."

"பார்ப்போம்," என்றேன்.

"பார்க்கறதுக்கு என்ன இருக்கு? கணக்குத்தானே."

"கணக்கு உங்களோடது. மூடுபனி எங்களோடது."

அத்தோடு விட்டாரா? சூப்புக்கு நடுவில் ஒருமுறை, ரொட்டிக்கு நடுவில் ஒருமுறை, பேச்சு ஓயும்போதெல்லாம் ஒருமுறை: "ரெண்டேகால் மணிதான்." ஜபமாலை உருட்டுவது போல. சீ, என்ன மனிதரோ.

அப்புறம் அந்த மீன் வந்தது. ஹெர்ரிங் மீனைச் சர்க்கரையிலும் காடியிலும் ஊறவைத்து, அதன்மேல் மஞ்சள் கறிக் குழம்பைக் கொட்டி, குளிரக் குளிரத் தருகிறார்கள். செத்த மீனுக்கு மஞ்சள்காமாலை வந்த மாதிரி இருந்தது. தட்டைத் தள்ளிவைக்கப்போய்ப் பாதிக் குழம்பு என் நல்ல கோட்டில் இறங்கியது.

பதிலுக்கு நான் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த ஆட்டுத் தொடையைப் பிரித்தேன். ஒன்பது மாதம் கடல்காற்றில் தொங்கிப் புளித்துக் காய்ந்த தொடை, சக்கரவர்த்திகளுக்கே கிட்டாதது. பிரீபெனின் மனைவி இங்கர்லிசே எழுந்து ஒரு சன்னலைத் திறந்தாள். பிறகு இன்னொன்றை. பிறகு பால்கனிக்கே போய்விட்டாள்.

"இது கெட்டுப்போச்சா சம்பந்தி?"

"இல்லையே. இப்பத்தான் நல்லா வந்திருக்கு."

இங்கர்லிசே மட்டும் நல்ல மாதிரி. திரும்பி வந்து, மூக்கைப் பிடித்தபடியே கேட்டாள்: "ஃப்ளைட் ரொம்ப ஆடுமாண்ணே?"

"லேசாத்தான்மா. போன தடவை என் பல்செட்டு எகிறி அடுத்த ஆள் வாயில போய் உக்காந்துடுச்சு. நல்ல மனுஷன், திருப்பிக் குடுத்துட்டார்."

அவள் சிரித்தாள். பிரீபென் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். நகைச்சுவை அட்டவணையில் இல்லை போலும்.

ஜூன் 11, ஞாயிறு.

கோட்டில் கறை போகவில்லை. எலுமிச்சை, உப்பு, வசை, எதற்கும் மசியவில்லை.

ஜூன் 13, செவ்வாய். விமான நிலையம், பகல்.

எங்கள் பேவுர் கிராமத்து ஆள் எவனும் ஊரைக் கேட்காமல் விமானம் ஏறமாட்டான். எங்கள் சன்னல்களுக்கு எதிரே கடலில் டிண்ட்ஹோல்ம் தீவு நிற்கிறது. உச்சியில் ஐந்து கொம்பு. அது தெரிந்தால் பக்கத்து ஓடுபாதையில் விமானம் இறங்கும். தெரியாவிட்டால் இறங்காது. உலகத்து வானிலை அறிஞர்கள் அத்தனை பேரையும் ஒரு மூட்டையில் கட்டினாலும் இந்தக் கேள்விக்கு ஈடாகாது.

பக்கத்து வீட்டு யாக்குப்புக்குப் போன் போட்டேன். மனைவி போனபின் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டவன்.

"டேய், தீவு தெரியுதா?"

"எங்க. நுனிகூடத் தெரியல. பால்ல விழுந்த மாதிரி இருக்கு."

"சன்னல்கிட்ட போய்ப் பாத்துத்தான் சொல்றியா?"

"நாற்காலியே சன்னல்கிட்டதாண்டா கிடக்கு."

போதாதா? பெட்டியைப் போடுவதற்கு முன்பே சம்பந்திகளை வரிசையிலிருந்து இழுத்தேன். இன்று ஏறினால் மேலே போய்ச் சுற்றிவிட்டு, கலக்கிய கூழ் மாதிரி இங்கேயேதான் வந்து விழுவோம். மூடுபனியை மோந்தே அதன் வயதைச் சொல்லுகிறவன் நான். இது ஒருநாள் பனி. நாளைக்குப் போனால் வெயிலில் இறங்கலாம் என்றேன். கவுண்டரில் இருந்த பெண் டிக்கெட்டை மாற்றும்போது சொன்னாள்:

"சார், ஃப்ளைட் சரியான நேரத்துக்குக் கிளம்புது."

"கிளம்பும் பாப்பா. கிளம்பறதுல உங்க கம்பெனியை அடிச்சுக்க ஆளே இல்ல. இறங்கறதுலதான் கொஞ்சம் கோளாறு."

பிரீபென் தன் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆயிரத்து முந்நூறு, இரண்டேகால் என்று மல்லுக்கு வருவார் என்று தயாராக இருந்தேன். வரவில்லை. போனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "உள்ளூர்க்காரர் சொன்னா கேட்டுக்கணும்" என்றார்.

கால அட்டவணை மண்டியிட்டது. வரலாறு இந்த நாளைக் குறித்துக்கொள்ளட்டும்.

அதே நாள், மாலை.

வரலாறு குறித்துக்கொள்ள வேண்டாம்.

மார்யுன் பேசினாள். "எங்கண்ணே இருக்கே? ஃப்ளைட் வந்து, ஜனமெல்லாம் இறங்கி, காப்பி குடிச்சு வீட்டுக்கே போயாச்சு."

"மூடுபனியில எப்படிடி இறங்குச்சு?"

"எந்த மூடுபனி? நான் வெயில்ல கண்ணைச் சுருக்கிக்கிட்டு நிக்கிறேன்."

யாக்குப்பைக் கூப்பிட்டேன். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாம் தடவை எடுத்தான்.

"ஒண்ணு சொல்லணும்டா ஹானுஸ். மத்தியானம் என் பொண்ணு வந்தா. ஹோஸ் பைப்பை எடுத்து சன்னல்ல தண்ணி அடிச்சா."

"சரி."

"தீவு அங்கதான்டா இருக்கு. அஞ்சு கொம்பும்."

உப்பு. ஏப்ரல் மாதப் புயல் கடலைத் தூக்கி ஊரின் சன்னல்கள்மேல் எல்லாம் பூசிவிட்டுப் போனது. மறுநாளே ஊர் முழுக்கப் பைப்பும் கையுமாகக் கண்ணாடி கழுவியது, இந்த ஒரு மகானைத் தவிர. இரண்டு மாதமாக உப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். "இந்த வருஷம் பனி ரொம்ப மோசம்டா" என்று என்னிடமே புலம்பினான். நானும் "ஆமாடா" என்றேனே. வாசலுக்கு வந்து பார்த்தேனா? கால் வலி என்று கட்டிலிலேயே கிடந்தவன்தானே நான்? தூ.

சம்பந்திகளிடம் உப்பைப் பற்றி மூச்சு விடவில்லை. பனி சட்டென்று கலைந்துவிட்டதாம் என்றேன்.

"அப்படியா," என்றார் பிரீபென். திட்டித் தொலைத்திருக்கலாம்.

ஜூன் 14, புதன்.

நிஜமான மூடுபனி வந்துவிட்டது. என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்து, ஒரு நாள் தாமதமாகக் கிளம்பியிருக்கும்.

ஏறினோம். போனோம். கீழே வெள்ளை, மேலே வெள்ளை, பக்கத்தில் வெளுத்துப்போன பிரீபென். இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்த பிடியில் அது பிய்ந்து வந்துவிடும் என்று பயந்தேன். என்மேல் இருக்கும் ஆத்திரம் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். விமானி மூன்று முறை குனிந்து பார்த்தார். மூன்று முறையும் மூக்கை நிமிர்த்திக்கொண்டு மேலே போனார். பிறகு வந்த வழியே திரும்பினோம். கோபன்ஹேகனில் கிளம்பிக் கோபன்ஹேகனில் இறங்க நாலரை மணி நேரம். தூரம் சுழியம்.

"இது உங்க அட்டவணையில எந்தப் பத்தி சம்பந்தி?" என்று கேட்டேன். நேற்று வரை என்றால் இதைக் கேட்பதற்காகவே ஒரு விழா எடுத்திருப்பேன். இன்று நாக்கில் ருசிக்கவில்லை.

ஜூன் 15, வியாழன்.

ரத்து. கம்பெனி சாப்பாட்டுச் சீட்டு கொடுத்தது. அந்தச் சீட்டுக்கு ரொட்டி கொடுத்தார்கள். சீட்டையே தின்றிருக்கலாம்.

ஜூன் 16, வெள்ளி. பெர்கன்.

இது நார்வே. நான் கேட்கவில்லை; கொண்டுவந்து கொட்டிவிட்டார்கள். இன்றும் தீவுகளுக்கு மேலே போய்க் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, எண்ணெய் குறைவு என்று இங்கே இறக்கினார்கள். மழை. படுக்கை ஒரு மீன்பெட்டி நீளம். நான்கு நாளாக அதே கோட்டு, அதே மஞ்சள் கறை. என்னை நானே மோந்து பார்த்து முகம் சுளிக்கிறேன்.

காலையில் ஒரு விமானம் முயன்று பார்க்குமாம். பார்ப்போம் என்கிறார்கள், எங்கள் சொல்லை எங்களுக்கே விற்கிறார்கள்.

ரன்வா பேசினாள். அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது கதை விட்டுச் சமாளித்திருப்பேன்.

"கல்யாணத்தைத் தள்ளிப் போடலாமாம்மா? திங்கட்கிழமைன்னா…"

"மாட்டேன் மாமா. பனிக்காகக் காத்திருந்தா நம்ம ஊர்ல ஒருத்தருக்கும் கல்யாணமே ஆயிருக்காது. ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சுடுவேன். அவருக்கு அப்பா அம்மா இல்ல, எனக்கு மாமா இல்ல. சரிக்குச் சரி."

"யார் கைபிடிச்சு அழைச்சிட்டுப் போவா?"

"யாக்குப் பெரியப்பா வரேன்னிருக்கார்."

யாக்குப். உப்புக்கண்ணன். என் பெண்ணை.

சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே பிரீபென் மட்டும்தான். இங்கர்லிசே தலைவலி என்று படுத்துவிட்டாள். தட்டில் ஏதோ சாம்பல் நிறத்தில் கிடந்தது. இருவரும் தொடவில்லை. அவர் தட்டைப் பார்த்தபடியே கேட்டார்:

"செவ்வாய்க்கிழமைப் பனி… நிஜமாவே பனிதானா சம்பந்தி?"

சொல்லிவிட்டேன். நாற்காலி, சன்னல், உப்பு, ஹோஸ் பைப் எல்லாம். என்னால்தான் உங்கள் மகன் நாளைக்குத் தனியாக நிற்கப்போகிறான் என்றேன். கூரை இடிந்து விழும் என்று காத்திருந்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"அன்னிக்கு உங்க ஓடுபாதை கேமராவை போன்ல பாத்துக்கிட்டுதான் நின்னேன். நல்ல வெயில். வேலி ஓரமா ஆடு மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. ஆட்டோட நிழல்கூடத் தெரிஞ்சுது."

"பாத்துக்கிட்டேவா சும்மா இருந்தீங்க?"

"நான் விமானத்துல ஏறினதே இல்ல சம்பந்தி. புதன்கிழமைதான் முதல் தடவை. இத்தாலிக்கு ரயில். ஸ்பெயினுக்கு ரயில். உங்க ஊருக்கு ரயில் இல்ல." கரண்டியை எடுத்து, தட்டுக்கு இணையாக வைத்து, நேராக்கினார். "தூரத்தையும் நேரத்தையும் சொல்லிக்கிட்டே இருந்தா கொஞ்சம் பயம் குறையுது. ரெண்டேகால் மணி தாங்கிடலாம்னு நினைச்சுக்குவேன். நீங்க பனின்னதும்… இன்னிக்கு வேண்டாம், நாளைக்குன்னதும்… கட்டிப்பிடிச்சுக்கலாம் போல இருந்துச்சு."

இந்த மனிதர்மேல் எனக்கு எவ்வளவு வெறுப்பு வரவேண்டும் என்று கணக்குப் பார்த்தேன். மலையளவு. உண்மையை விழுங்கிக்கொண்டு மூன்று நாள் என்னை வேகவைத்த ஆள். என்மேல் இருக்கும் வெறுப்பைக் கழித்துப் பார்த்தால் ஒன்றும் மிஞ்சவில்லை.

"நாளைக்கு ஏறுவீங்களா?" என்றேன்.

"ஒண்ணேகால் மணிதானாமே இங்கேருந்து."

"பார்ப்போம்."

"பார்ப்போம்," என்றார் அவரும்.

ஜூன் 18, ஞாயிறு. பேவுர்.

நேற்று எழுத நேரமில்லை. இன்று நிற்கக் காலில்லை.

பெர்கனில் விமானம் தாமதமாகத்தான் கிளம்பியது. என் வலது கையைப் பிரீபென் பிடித்தவர் பிடித்தவர்தான். தேவாலயத்தில் பெண்ணைப் பிடிக்க வேண்டிய கை, நசுங்கி இறால் மாதிரி ஆகிவிட்டது. நான் அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன்: இப்போது பாதி தூரம், இப்போது முக்கால், இந்த ஆட்டம் ஒரு கணக்கே இல்லை. பல்செட்டுக் கதை பொய் என்றும் சொன்னேன். முதல் முறை வெள்ளைக்குள் குனிந்து நிமிர்ந்தோம். இரண்டாம் முறை இடது பக்கச் சன்னலில் கறுப்பாக ஒன்று முளைத்தது. கொம்பு. அப்புறம் இரண்டு, மூன்று. "தெரியுது சம்பந்தி" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டே "எத்தனை?" என்று கேட்டார்.

"அஞ்சும்."

சக்கரம் தரையைத் தொட்டது. பின்வரிசையில் ஒருத்தி, ஆட்டத்தில் நிறுத்தியிருந்த ஸ்வெட்டரை விட்ட இடத்திலிருந்து பின்ன ஆரம்பித்தாள்.

தேவாலய வாசலுக்கு வந்தபோது மணி இரண்டே முக்கால். உள்ளே எங்கள் பழைய துதிப்பாட்டு, ஒரு வரி முடிய ஒரு ஆடு வளர்ந்துவிடும் அளவுக்கு இழுத்து இழுத்து. முன்மண்டபத்தில் மணப்பெண் கோலத்தில், இடுப்பில் வெள்ளிப் பட்டையோடு, ரன்வா பெஞ்சில் உட்கார்ந்து சாக்லேட் தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் யாக்குப், தலைவாரி, என்னைப் பார்த்ததும் ஒரு மரணதண்டனையிலிருந்து தப்பியவன் போல எழுந்து ஓடினான்.

"ஆரம்பிச்சுடுவேன்னு சொன்னியேம்மா."

"ஆரம்பிச்சாச்சே மாமா. கரெக்டா ரெண்டு மணிக்கு. பாட்டுதான் இன்னும் முடியல." எழுந்து என் கோட்டைப் பார்த்தாள், குனிந்து மோந்தாள். "ஐயே. என்ன மாமா இது மஞ்சளா?"

"உன் மாமியார் வீட்டுச் சீர்."

நசுங்கிய கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டாள். உள்ளே போனோம்.

இரவு மண்டபத்தில், வட்டமாகக் கைகோத்துப் பாடி ஆடும் எங்கள் நடனம். நான் பயந்தது நடந்தது. உப்புக்கண்ணனே முன்னின்று, அவன் சன்னலையும் என் மூக்கையும் வைத்து ஊர் மொத்தமும் சேர்ந்து ஒரு கேலிப்பாட்டுக் கட்டியிருந்தார்கள். பாட்டுக்கு உரியவன் வட்டத்தை விட்டு ஓடக்கூடாது. இரண்டு பேர் இருபுறமும் பிடித்துக்கொண்டு ஆடவைப்பார்கள். எங்கள் ஊரில் இதற்கு மேல்முறையீடு கிடையாது. இடது கையை யாக்குப் பிடித்தான். வலது பக்கம் ஆள் வருவதற்குள் மேசையிலிருந்து பிரீபென் எழுந்து வந்தார். அவரைப் பற்றி யாரும் பாடவில்லை. கேமராவும் ஆடும் இன்றுவரை எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

"எப்படி ஆடணும்?" என்றார்.

"இடது பக்கம் ரெண்டு அடி, வலது பக்கம் ஒண்ணு. அதையே விடியற வரைக்கும்."

"அட்டவணை மாதிரி இருக்கே," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். முதல் அடியிலேயே என் புகழ்பெற்ற முழங்காலை உதைத்தார்.

ஜூன் 27, செவ்வாய்.

ஒன்பது நாளாகச் சம்பந்திகள் என் வீட்டில். சகிக்கவில்லை. பிரீபென் ஆறு மணிக்கு எழுந்து, மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, ஹோஸ் பைப்பால் என் சன்னலைக் கழுவுகிறார். பிறகு யாக்குப்பின் சன்னலை. அவன் நாற்காலியை வெளியே போட்டு உட்கார்ந்து, மூலையில் விட்டுப்போச்சு பாருங்க என்று மேற்பார்வை பார்க்கிறான். காய்ந்த தொடையில் பாதி காலி. மூக்கைப் பிடித்துக்கொண்டே தின்கிறார்கள்.

இன்று மதியம் அவர்கள் விமானம். பெட்டிகள் வாசலில் நின்றன. காலையிலிருந்து பிரீபென் வாயில் கணக்கே வரவில்லை. ஆயிரத்து முந்நூறும் இல்லை, இரண்டேகாலும் இல்லை. சன்னல் ஓரம் நின்றார். நானும் போய் நின்றேன். கழுவிய கண்ணாடி, கழுவிய வானம்.

"தீவு தெரியுதா சம்பந்தி?" என்று கேட்டார். குரல் சின்னதாக இருந்தது.

ஐந்து கொம்பும் நின்றன. நடுக்கொம்பில் உட்கார்ந்திருந்த பறவைகளைத் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம்.

"நுனிகூடத் தெரியல," என்றேன்.

அவர் நெற்றியைக் கண்ணாடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "ஆமா. பால்ல விழுந்த மாதிரி இருக்கு."

இங்கர்லிசே எங்களைப் பார்த்தாள், சன்னலைப் பார்த்தாள். பிறகு வாசலிலிருந்து பெட்டிகளை உள்ளே இழுத்துவைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். வியாழக்கிழமை கப்பல் இருக்கிறதாம்.

மதியத்துக்கு அந்த மஞ்சள் மீன். நினைத்தாலே குமட்டுகிறது. எனக்கு இரண்டு துண்டு போதும் என்று சொல்லியிருக்கிறேன்.